பூமணியின் இல்லாத நேர்த்தி

பூமணி என்ற பெயரை நான் முதன்முதலில் ரெலிபோனில்தான் கேட்டேன். ஹம்மர்பெஸ்டிலிருந்து செபஸ்ரியன் எடுத்திருந்தான். செபஸ்ரியன் என்னுடைய சின்னம்மாவின் மகன். ஒரு வயிற்றில் பிறக்கவில்லையே தவிர, மற்றும்படி என் தம்பிதான். நான் ஒஸ்லோவுக்கு வந்து கொஞ்சக் காலம். அவன் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றான்.

"அக்கா, பொம்பிளை சரிவந்திட்டுது."

"ஆற்ரை பிள்ளை?"

"மெலிஞ்சிமுனை வின்சென்ற் சம்மாட்டியாற்ரை கடைசி மகள். பேர் பூமணி."

ஊரில் வள்ளங்கள் வைத்திருந்த வின்சென்ற் சம்மாட்டியாரின் தாயும் என் அப்பாவின் மூத்த தமக்கையும் சம்பந்திகள். அந்த வீட்டுப் பெண்கள் சிரித்தால் கடற்கரை வரைக்கும் கேட்கும் என்று அப்பா சொல்லுவார். அதைத்தான் செபஸ்ரியனுக்குச் சொன்னேன். "சிரிப்புக்காரி வாறாள், காதைப் பொத்திக்கொள்" என்றேன்.

வந்தாள். சொன்னபடி சிரிப்புக்காரிதான். தேத்தண்ணிக்காரியும்கூட. சின்னக் கோப்பையைக் கொடுத்தால் "இதென்ன மச்சாள், மருந்தோ?" என்று கேட்பாள். பெரிய கிளாஸில், சாயம் கூட, சீனி கூட வேண்டும்.

ஹம்மர்பெஸ்டில் அவளும் மீன் வெட்டப் போனாள். அங்கே ஒருவரும் பாத்றூமுக்குப் போகாதே என்று சொன்னதில்லை. ஆனால் ரப்பர் அங்கி, கையுறை, நீளச் சப்பாத்து எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் இவளுடைய மீனும் பக்கத்தில் நிற்பவளுக்கு முன்னால் குவிந்துவிடும். அதனால் அடக்குவாள். காலையில் தேத்தண்ணியை விட்டுவிட்டுப் போவாள், பின்னேரம் வந்து சேர்த்துக் குடிப்பாள். அங்கேதான் லூக்காஸ் பிறந்தான். பெரிய பிள்ளை. பிறகு ஜூலியா. அவளை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பூமணி தும்மினால் கால்களை ஒடுக்கிப் பிடிப்பாள். பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம், அவளும் அதை விட்டுவிட்டாள்.

பிறகு ஒஸ்லோவுக்கு மாறி, எல்லிங்ஸ்ருட்டில் நான் இருக்கிற மாடிக்கட்டிடத்திலேயே வீடு எடுத்தார்கள். பூமணி ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தாள். பிள்ளைகள் வளர்ந்தார்கள். லூக்காஸ் பேர்கனுக்குப் போனான். ஜூலியா கலியாணம் முடித்து லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினாள். இந்தக் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு குளிர்காலம் பூமணிக்குச் சளி பிடித்தது. இருமல் மாதக்கணக்காக நின்றது. இருமும்போது கொஞ்சம் சிறுநீர், எங்கள் பேச்சில் சலம், போகும். பிறகு இருமல் போய்விட்டது, இது போகவில்லை. வாளியைத் தூக்கினால் போகும். பலத்துச் சிரித்தால் போகும். பிறகு வேறு விதமாகவும் தொடங்கியது. வெளியில் இருந்து வந்து வீட்டுக் கதவுக்குத் திறப்பைப் போட்டவுடனே அடிவயிறு பிடித்துக்கொண்டு, இனி அடக்க ஏலாது என்பது போல அந்தரமாக வரும். சப்பாத்தைக் கழற்ற முன்னம் நனைந்துவிடும்.

அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. செபஸ்ரியனின் பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்து மடித்து வைத்தாள். கறுப்பு உடுப்பைத் தவிர வேறொன்றும் உடுத்தமாட்டாள். கோயிலில் முன் வாங்கில் இருந்து பாடுகிறவள், கடைசி வாங்குக்கு, கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். ரயிலில் பட்டணத்துக்குப் போவதென்றால் ஃபுருசெத்தில் ஒருதரம் இறங்கி, கடைத்தொகுதிக்குள் பாத்றூமுக்குப் போய்விட்டு அடுத்த ரயில் எடுப்பாள். பிறகு பட்டணத்துக்கே போகாமல் விட்டாள். மணம் வருகிறதோ என்று தன் உடுப்பை முகர்ந்து பார்ப்பாள். ஆட்களுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டாள். சிரிப்பையும் நிறுத்தினாள். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். மனஸ்தாபம் ஏதும் இருக்குமோ, செபஸ்ரியன் ஏதும் சொல்லிப்போட்டானோ என்று நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீரை நிறுத்தினாள். ஹம்மர்பெஸ்டில் பழகின பழக்கம்தானே. உள்ளே போகாவிட்டால் வெளியே வராது என்பது அவளுடைய கணக்கு. வீட்டில், விடிய எழும்பியவுடன் மாத்திரம் ஒரு கிளாஸ் தேத்தண்ணி. வெளிக்கிட்டால் வாயில் ஒரு சொட்டும் படாது.

இதை எத்தனை நாளைக்கு மறைக்கலாம்? எங்களுடைய ஆட்களின் வீடுகளில் காலை வைத்தவுடன் தேத்தண்ணி வரும். கீழ்மாடியில் இருக்கும் புஷ்பமலர், கொக்குவில் பக்கத்துப் பிள்ளை, சைவக்காரி, மகளின் பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தாள். நானும் இருந்தேன். தட்டில் வடையும் கேக்கும் வந்தது. பிறகு தேத்தண்ணி வந்தது. பூமணி கையைக் காட்டி மறித்தாள்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை."

"ஏனக்கா? சீனி வருத்தமோ?"

"இல்லை. இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

"ஒரு வாய் குடியுங்கோ. கோப்பியெண்டாலும் போடட்டே?"

"வேண்டாம் வேண்டாம்."

"பச்சைத் தண்ணி?"

"அதுவும் வேண்டாம்."

புஷ்பமலரின் முகம் மாறிவிட்டது. எங்களுடைய பக்கத்தில் ஒரு வீட்டில் பச்சைத் தண்ணிகூட வாயில் படாமல் எழும்பினால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எத்தனை வருடம் குளிர் நாட்டில் இருந்தாலும் அந்தச் சாதி நெருப்பு அணையாது.

"என்னக்கா, எங்கடை வீட்டுத் தண்ணி உங்களுக்குச் சரிவராதோ? போன மாசமும் இப்பிடித்தான் எழும்பிப் போனீங்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்."

கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பூமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். பூமணி அடுத்ததை யோசித்துச் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நேர்த்தி வைச்சிருக்கிறன் பிள்ளை. அந்தோனியாருக்கு. வீட்டுக்கு வெளியிலை ஒண்டும் குடிக்கிறேல்லை."

புஷ்பமலர் அப்படியே உருகிவிட்டாள். "ஐயோ அக்கா, முதலே சொல்லியிருக்கலாமே! நான் என்ன மடைச்சி மாதிரிக் கதைச்சுப்போட்டன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வடையைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள்.

இப்படித்தான் அந்தப் பொய் பிறந்தது. நேர்த்தி என்ற சொல் எங்களுடைய சனத்திடம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று பூமணி யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோப்பி மேசைக்கு வர, ஒருவர் மற்றவருக்குச் சொல்லி, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு மனிசி தன் முழங்காலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னா. இன்னொரு மனிசி பேரனின் பள்ளிக்கூடச் சோதனைக்குச் சொன்னா. செபஸ்ரியன் வழியில் காண்பவர்களுக்கெல்லாம் "எங்கடை வீட்டிலை ஒரு புனிதவதி இருக்கிறா, தேவைப்பட்டால் வந்து கும்பிட்டிட்டுப் போங்கோ" என்று பகிடி விட்டான். அவனுக்கும் உண்மை தெரியாது.

"என்னத்துக்கடி நேர்த்தி?" என்று நான் கேட்டேன்.

"சொல்லக்கூடாது மச்சாள். சொன்னால் பலிக்காது" என்றாள்.

அவள் சொல்லாததால் ஆட்களே ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டார்கள். ஜூலியாவுக்குக் கலியாணம் முடித்து ஆறு வருடமாகியும் பிள்ளை இல்லை. வேறென்ன காரணம் வேண்டும்? அது ஜூலியாவின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஜூலியா இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. வங்கியில் வேலை. நேர்த்தி, உபவாசம் என்றால் சிரிப்பாள். ஆனால் அன்றைக்கு வேலையால் நேரே வந்து, சப்பாத்தோடு குசினிக்குள் போய்த் தாயைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். "அம்மா, நான் வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லியும் எனக்காக இவ்வளவு செய்யிறீங்களே" என்றாளாம். பூமணி என்ன சொல்லுவாள்? இல்லை மகளே, அது உனக்காக இல்லை, என்ரை சலத்துக்காக என்றா சொல்லுவாள்? பிள்ளையின் முதுகைத் தடவினாள்.

சில மாதத்தில் ஜூலியாவுக்குப் பிள்ளை தங்கியது. டொக்டர்மாரிடம் அவள் கன காலமாக வைத்தியம் செய்துகொண்டிருந்தவள், அது கைகொடுத்தது என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஜூலியா தாயிடம் வந்து வேறு கதை சொன்னாள்.

"அம்மா, நான் இதையெல்லாம் நம்புறதில்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் இப்ப எனக்குப் பயமாயிருக்கு. பிள்ளை கையிலை கிடைக்குமட்டும் நேர்த்தியை விட்டிடாதேங்கோ. பிளீஸ்."

இதுதான் பூமணியைப் போட்டு உலுப்பியது. அதுவரை அவளுக்கு வெட்கம் மாத்திரம்தான். இனிமேல் பயம்.

அவள் அதை என்னிடம் சொன்னது எங்கள் கட்டிடத்தின் நிலவறையில், எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கிற அறையில். அவள் வீட்டில் நல்ல மெசின் இருக்கிறது, பிறகு ஏன் இங்கே தோய்க்கிறாள் என்று உள்ளே போனேன். மடித்த துணித் துண்டுகளைக் கையால் அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மறைக்கப் பார்த்தாள். சலத்தின் மணம் மறையுமா?

"எத்தினை நாளாய் பூமணி?"

கதவைச் சாத்திவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன். பிறகு எல்லாம் சொன்னாள். இருமலில் தொடங்கி அந்தோனியார் வரைக்கும் சொன்னாள்.

"எனக்கும் தும்மினால் போறதுதான்" என்றேன். "எங்கடை வயதிலை பாதிப் பொம்பிளையளுக்கு இருக்கு. ஆரும் வாய் திறக்கிறேல்லை, அவ்வளவுதான். டொக்டரிட்டைப் போ."

"டொக்டர் ஆம்பிளை. அதை விடுங்கோ மச்சாள். எனக்கு இப்ப அது இல்லைப் பிரச்சினை. நான் அந்தோனியாற்ரை பேரைச் சொல்லிப் பொய் சொல்லிப்போட்டன். வைக்காத நேர்த்திக்கு ஒரு பிள்ளை வந்திருக்கு. நான் போய், அது பொய் எண்டு வாய் திறந்தால், அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால்?"

"விசர்க்கதை கதையாதை. ஆண்டவர் என்ன, வட்டிக்கடைக்காரரே?"

"நீங்கள் சுகமாய்ச் சொல்லலாம். உங்கடை பேரப்பிள்ளையே வயித்திலை கிடக்குது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஜூலியா அப்பிடிச் சொன்ன நாள்தொட்டு விடியத் தேத்தண்ணியையும் விட்டிட்டன். வெளியிலை மட்டும் குடிக்கிறேல்லை எண்டுதான் சொன்னனான். எண்டாலும் வீட்டிலையும் விட்டிட்டன். பொய்யை எப்பிடியெண்டாலும் மெய்யாக்கிப்போடோணும்."

தண்ணீராவது குடிக்கிறாயா என்று கேட்டேன். "நாக்கு நனைய" என்றாள். குடிக்காமல் விட்டால் நிற்கும் என்று பார்த்தால், அது நிற்கவும் இல்லை. இன்னும் அடிக்கடி, எரிச்சலோடு வந்தது. கொஞ்சம்தான் வரும், ஆனால் அந்தரம் கூட. ஒரு பாத்றூமை விட்டு இன்னொன்றுக்கு ஓடுகிற சீவியமாகிவிட்டது.

இதற்கிடையில் ஜூலியா இன்னொன்று கேட்டாள். பிள்ளை பிறந்தவுடன் அம்மா வந்து லோறென்ஸ்கூக்கில் தன்னோடு நிற்க வேண்டும். மிளகு சீரகம் அரைத்துப் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறி வைத்துத் தர வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்டக் காட்டித் தர வேண்டும். எந்தத் தாயும் துள்ளிக்கொண்டு போகிற அழைப்பு. பூமணி மாட்டேன் என்றாள்.

"அப்பாவை ஆர் பார்க்கிறது?"

"அப்பாவுக்கென்ன கையில்லையே? அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"எனக்கு வேறை வீட்டிலை நித்திரை வராது பிள்ளை."

"வேறை வீடோ? அம்மா, என்ரை வீடு உங்களுக்கு வேறை வீடோ?"

ஜூலியாவின் வீட்டில் வெள்ளை சோபா. படுக்கையறைகளில் விரிப்புப் போட்ட நிலம். மருமகன் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து வைக்கிற பிள்ளை. அந்த மெத்தையில் விடிய எழும்பும்போது நனைந்திருந்தால் என்ன செய்வது என்பதைத் தவிரப் பூமணியின் தலைக்குள் வேறொன்றும் இல்லை. அதை மகளுக்குச் சொல்ல முடியாது. சொல்லாதபடியால், அம்மாவுக்கு வர விருப்பமில்லை என்று மகள் நினைத்தாள். அதற்குப் பிறகு ரெலிபோன் எடுப்பதும் குறைந்தது. பூமணி அந்த வீட்டுக்குப் போவாளா, பேரப்பிள்ளையைத் தூக்குவாளா, அல்லது இந்த மூன்றறை வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு மகளை இழப்பாளா என்பதுதான் மிச்சம்.

ஒரு மழை நாள், ஜூலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். தாயைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். பூமணியின் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அம்மா, போதும். நீங்கள் எனக்காகச் சாகத் தேவையில்லை. வாங்கோ, ஃபாதரிட்டைப் போவம். நான் கதைச்சிட்டன். நேர்த்தியை வேறை ஒரு புண்ணியமாய் மாத்தித் தரலாமெண்டு சொன்னவர். பூசைக்கு முன்னம் வரச் சொன்னவர்."

இல்லாத நேர்த்தியைச் சுவாமியாருக்கு முன்னால் போய் நின்று அவிழ்ப்பதா? பொய்க்கு மேல் பொய். பூமணி வரமாட்டேன் என்றாள். ஜூலியா அவளுடைய மேலங்கியை எடுத்துத் தானே போட்டுவிட்டாள். காரில் ஏற்றினாள்.

பெருந்தெருவில் வீதி வேலை. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, அசையவில்லை. மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது, துடைப்பான் அங்கும் இங்கும் போய்வந்தது. பூமணி காலை மடக்கினாள், விரித்தாள், செபமாலையைப் பிடித்தாள்.

"பிள்ளை, எங்கையெண்டாலும் நிப்பாட்டேலுமோ?"

"இஞ்சை எங்கையம்மா நிப்பாட்டுறது? வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதோ?"

"இல்லை. கொஞ்சம் பொறு. இல்லை, போ. போ."

முன்னால் இருந்த லொறி ஒரு அடி அசைந்து மறுபடி நின்றது. அதோடு அடக்கியதும் முடிந்தது. மருமகன் வாங்கிக் கொடுத்த புதுக் கார். ஆசனத்திலிருந்து கீழே கால்மிதியில் சொட்டுகிற சத்தம் மழைக்குள்ளும் கேட்டது என்று பூமணி எனக்குப் பிறகு சொன்னாள்.

"அம்மா, தண்ணிப் போத்தல் ஊத்துண்டிட்டுதோ?"

"போத்தல் இல்லை மகள்."

ஜூலியா திரும்பிப் பார்த்தாள். பூமணி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். புஷ்பமலர் வீட்டுத் தேத்தண்ணியைச் சொன்னாள். அந்தோனியாரைச் சொன்னாள். வெள்ளை சோபாவையும் சொன்னாள்.

ஜூலியா அருவருக்கவில்லை. தாய் பயந்தது அதற்குத்தான், ஆனால் அது நடக்கவில்லை. நடந்தது வேறு. ஜூலியா கேட்டாள்.

"அப்ப அது எனக்காக இல்லையோ?"

பூமணி செபமாலையை விரலில் சுற்றினாள்.

"நான் ஒவ்வொரு நாளும் வேலையிலை இருந்து நினைப்பன், அம்மா எனக்காகத் தாகத்தோடை இருக்கிறா எண்டு. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் ஊசியெல்லாம் போட்டனான். அது எனக்காக இல்லை."

தாயின் கையைத் தொட்டவள், கை நெருப்பாகச் சுடுவதைக் கண்டாள். வாகனங்கள் அசையத் தொடங்கியதும் கோயிலுக்குப் போகாமல் அவசர வைத்தியரிடம் காரைத் திருப்பினாள்.

அங்கே ஒரு பெண் டொக்டர். சலத்தைச் சோதித்துவிட்டு, கிருமி பிடித்து அது சிறுநீரகத்துக்கு ஏறப் பார்க்கிறது என்றா. எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டா. பூமணி நோர்வே மொழியில் தானே சொன்னாள், "கொஞ்சம். பயத்திலை." டொக்டர் ஆச்சரியப்படவில்லை. இதைச் சொல்லி வருகிற பெண்கள் எவ்வளவோ பேர், சொல்லாமல் இருப்பவர்கள் இன்னும் கூட என்றா. மருந்து கொடுத்து, காய்ச்சல் மாறியதும் வீட்டு டொக்டரிடம் போ, ஆண் என்றால் பெண்ணைக் கேள், கேட்க உனக்கு உரிமை இருக்கிறது என்றா.

போனாள். அவள் கேட்டபடி பெண் டொக்டர் ஒருவரே பார்த்து, ஹன்னா என்ற உடற்பயிற்சிக்காரியிடம் அனுப்பினா. அந்தப் பிள்ளை சொன்னதைப் பூமணி எனக்கு வலையை வைத்துத்தான் விளங்கப்படுத்தினாள். அடிவயிற்றுக்குக் கீழே சதை வலை மாதிரி விரிந்து எல்லாவற்றையும் தாங்குகிறது. பெரிய பிள்ளை, ஆயுதம் போட்ட பிள்ளை, வயது, இருமல் எல்லாம் சேர்ந்து அந்த வலையைத் தளர்த்திவிட்டது. அதனால் இருமினால் போகிறது. அந்தரமாக வருவது வேறு சங்கதி. வந்துவிடுமோ என்று பயந்து பயந்து நிமிடத்துக்கொருதரம் போனதால், சலப்பை பாதி நிறைய முன்னமே சத்தம் போடப் பழகிவிட்டது. தண்ணீர் குடிக்காமல் விட்டதால் சலம் தடித்து அந்தப் பையை அரித்தது. நிற்பாட்ட என்று அவள் செய்த வேலையே அதைக் கூட்டியிருக்கிறது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் நெருப்புக்கு எண்ணெய் விட்டிருக்கிறன் மச்சாள்" என்றாள்.

கீழ்ச் சதையை உள்ளே மேலே இழுத்துப் பிடித்து, மெல்ல எண்ணி, பிறகு விட வேண்டும். பூமணி முதலில் பிழையாகக் கீழே முக்கினாள். சலம் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகினாள். ஹன்னா இரண்டும் கூடாது என்று திருத்தினா. தும்மல் வருகுது என்று தெரிந்தவுடன் முன்கூட்டியே இழுத்துப் பிடிக்கச் சொன்னா. அந்தரம் வந்தால் ஓடாதே, நின்று, இழுத்துப் பிடித்து, அலை இறங்கியபிறகு நட என்றா. நாள்முழுக்க அளவாகத் தண்ணீர் குடி, தேத்தண்ணியில் சாயத்தைக் குறை, படுக்கைக்குப் போகக் கிட்ட குறைத்துக்கொள் என்றா. சாரத்துண்டை எறிந்துவிட்டு மருந்துக்கடையில் இதற்கென்றே இருக்கிற உறிஞ்சு பட்டியை வாங்கச் சொன்னா. மாதவிடாய்க்கு வைப்பது இதற்குச் சரிவராதாம். அந்தப் பெண் டொக்டர் உள்ளே வைக்கிற சின்ன மருந்து ஒன்றும் எழுதினா. மாதக்கணக்காகும், ஒரு கிழமையில் பார்க்காதே என்றார்கள்.

செபஸ்ரியனுக்கும் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, "உதுக்கே நீர் வாயைக் கட்டினீர்? வடக்கிலை மீன் லொறி ஓடேக்கை நான் போத்தலுக்கை போனதை ஊருக்கே சொல்லியிருக்கிறன்" என்றான். "நீங்கள் ஆம்பிளை, உங்களுக்கு அது பகிடி" என்றாள் பூமணி. அவன் வாயை மூடிக்கொண்டான். அடுத்த நாள் கட்டிலுக்கு நனையாத விரிப்பு ஒன்று வாங்கி வந்து தானே போட்டான்.

ஆனால் ஜூலியா வரவில்லை. தகப்பனோடு கதைப்பாள், தாயைக் கேட்கமாட்டாள். பிள்ளைப்பேறு கிட்டிவிட்டது. பூமணி சதையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரவில் அது கனவில் வருகிறது, பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது மாதிரி வருகிறது என்பாள். சுவாமியாரிடமும் போய் முழுதும் சொன்னாள். "வைக்காத நேர்த்தியை நான் எப்பிடியம்மா அவிழ்க்கிறது? பொய்க்கு மன்னிப்புத் தாறன், போய்த் தண்ணி குடியுங்கோ" என்றாராம் அவர். அதிலும் அவளுடைய மனம் ஆறவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் எடுத்து லோறென்ஸ்கூக்குக்குப் போனேன். ஜூலியா கதவைத் திறந்ததும் சொன்னாள்:

"மாமி, அம்மாவுக்காகக் கதைக்க வந்தனீங்களெண்டால் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"தேத்தண்ணியைப் பற்றித்தான் கதைக்க வந்தனான்" என்றேன். "நீ கோவிக்கிறது சரி. அவள் புஷ்பமலர் வீட்டிலை சொன்னது பொய்தான். ஆனால் ஒண்டு சொல்லு. உன்ரை கொம்மா வீட்டுக்கு வெளியிலை மட்டும் குடிக்கிறேல்லை எண்டுதானே சொன்னவள்?"

"ஓம்."

"வீட்டிலை விடியத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டுதான் இருந்தவள். நீ வயித்திலை பிள்ளையோடை வந்து, விட்டிடாதேங்கோ எண்டு அழுத நாள்தொட்டு அதையும் விட்டவள். வீட்டிலை பாத்றூம் பக்கத்திலை. ஆரும் பார்க்கவும் இல்லை, ஆருக்கும் மறைக்கவும் தேவையில்லை. பிறகு அதை ஏன் விட்டவள்? ஆருக்காக?"

ஜூலியா சுவரில் சாய்ந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் பிள்ளைக்குக் கூடாதெண்டு பயம். விசரிதான். ஆனால் உன்னாலை வந்த விசர்."

அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் மருத்துவிச்சியும் தனக்கு அதே பயிற்சியைத்தான் தந்திருக்கிறா, தனக்கும் இப்போது இருமினால் போகிறது என்று சொன்னாள். எனக்கு முன்னாலேயே தாய்க்கு எடுத்தாள்.

"அம்மா, இண்டைக்கு இழுத்துப் பிடிச்சீங்களோ? ... ஓம், நானும்தான். ... இல்லை, அழாதேங்கோ, அழுதாலும் போகும். ... அம்மா, சோபா என்னத்துக்கம்மா, சோபாவை எறியலாம். நீங்கள் வாறீங்களோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ."

மறுமுனையில் என்ன சொன்னாளோ, ஜூலியா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. பெண் பிள்ளை, எம்மா என்று பேர். பூமணி போவதற்குப் பெட்டி அடுக்கும்போது நான் நின்றேன். மிளகு சீரகம் ஒரு பக்கம், பட்டிகள் ஒரு பக்கம், மாற்றுடுப்பு ஒரு பக்கம். நனையாத விரிப்பைக் கட்டிலில் இருந்து கழற்றி மடித்தாள், பிறகு செபஸ்ரியன் வேறொன்று வாங்கி வைத்திருப்பதைக் கண்டு அதைத் திரும்பப் போட்டாள். திறப்பைப் போடும்போது வருகிற அந்தரம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போன கிழமையும் கடையில் வைத்து ஒருதரம் நனைந்தது என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது வந்தால் என்ன செய்வது என்று என்னைக் கேட்டாள். பிள்ளையைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் போ, அது எங்கே ஓடப்போகிறது என்றேன். சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று இன்னொருதரம் பார்த்தாள். பிறகு செபஸ்ரியன் காரை எடுத்தான்.

பூமணி இப்போது லோறென்ஸ்கூக்கில், ஜூலியாவின் வீட்டில், மேல்மாடியில் பாத்றூமுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறாள்.